கிழட்டு வயலுக்கு ஒரு புல் வைத்தியம்

குதிரை மசால் தெரியுமா? மாட்டுக்கும் குதிரைக்கும் போடுகிற தீவனப் பயிர். அமெரிக்காவில் அல்ஃபால்ஃபா என்பார்கள். தீவனத்துக்கெல்லாம் ஒரு வரலாறா என்று சிரிக்காதீர்கள், இருக்கிறது :-)

1857-ல் ஜெர்மனியின் பாடன் பகுதியிலிருந்து வென்டலின் கிரிம் என்ற விவசாயி மினசோட்டாவில் குடியேறினார். கையோடு கொண்டுபோன சாமான்களில் குதிரை மசால் விதையும் கொஞ்சம் இருந்தது. அந்த ஊர்ப் பனியில் வருடா வருடம் நிறைய செடிகள் செத்துப்போகும். தப்பிப் பிழைத்தவற்றின் விதையை எடுத்து மறுபடி விதைப்பார். இப்படியே பல வருடம்! கடைசியில் குளிர் தாங்கும் ரகம் ஒன்று தேறியது. தன் பயிரை அவர் அழைத்த ஜெர்மன் பெயருக்கு 'என்றும் அழியாத குளோவர்' என்று அர்த்தம்.

ஆனால் அழியாத பயிர் எது? நாலைந்து வருடத்தில் வயலில் அங்கங்கே சொட்டை விழும், களை புகும். சொட்டையில் அதே விதையைத் தூவலாமே என்றால், அங்கேதான் வில்லங்கம். முதிர்ந்த குதிரை மசால் மண்ணில் விட்டுவைக்கும் சில ரசாயனங்கள், புதிதாக முளைக்கும் குதிரை மசாலின் வேரையே கெடுத்துவிடும். தன் பிள்ளையையே வளரவிடாத தாய்! புல்லுக்கு அந்தத் தொல்லை குறைவு.

முன்பெல்லாம் வழி ஒன்றுதான்: மொத்தத்தையும் உழுதுவிட்டு வேறு பயிர் வைப்பது. உழவு என்றால் புனிதம் என்றிருந்த அந்த நாட்டை 1930-களின் புழுதிப் புயல்கள் உலுக்கின. புல்வெளிகளை உழுது போட்டதும் வறட்சியும் சேர்ந்து மேல்மண்ணைக் காற்றில் கொண்டுபோயின. 1943-ல் எட்வர்ட் ஃபாக்னர், கலப்பையால் மண்ணைப் புரட்டுவதே முட்டாள்தனம் என்று புத்தகமே போட்டார். சரி, உழாவிட்டால் களையை என்ன செய்வது? பாராகுவாட் மாதிரி களைக்கொல்லிகள் வந்தன. (குடித்தால் மாற்று மருந்தே இல்லாத விஷம் அது. மண்ணைக் காப்பாற்ற வந்த முறைக்கு இப்படியும் ஒரு முகம்.) 1962-ல் கென்டக்கியில் ஹாரி யங் என்பவர் 0.7 ஏக்கரில் உழாமலே சோளம் போட்டுக் காட்டினார்.

அந்த வழியில் வளர்ந்த விதைப்புக் கருவிகள்தான் கிழட்டு வயலுக்குக் கைகொடுத்தன. உருளும் தகடு மண்ணில் ஒரு கீறல் போடும், விதை விழும், பின்னால் வரும் சக்கரம் அமுக்கும். மேல்மண் அப்படியே இருக்கும். குதிரை மசாலை ஒட்ட அறுத்துவிட்டு, கால் அங்குலம் முதல் அரை அங்குல ஆழத்தில் ரைகிராஸ், ஆர்ச்சர்ட்கிராஸ் போன்ற புல் விதையைப் போடுகிறார்கள். அரை அங்குலத்துக்குக் கீழே போனால் அவ்வளவு சின்ன விதை மேலே வரத் திணறும்.

இதில் எனக்குப் பிடித்தது, பழைய பயிரைக் கொல்லவே வேண்டாம் என்பதுதான். அதன் வேர்முடிச்சு சேர்த்த நைட்ரஜனில் புல் வளர்கிறது. தனிக் குதிரை மசாலை மேய்ந்தால் மாட்டுக்கு வயிறு உப்பிச் சாகவும் கூடும். புல் கலந்தால் அந்த ஆபத்து குறையும். விவசாயிக்கு இன்னும் ஓரிரு வருடம் தீவனம் கிடைக்கும், அதற்குப் பிறகுதான் சோளத்துக்கு மாற வேண்டியிருக்கும்.