டாக்டர் டிரேயின் எலக்ட்ரோ காலம்: வேர்ல்ட் கிளாஸ் ரெக்கின் குரூ பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஆண்ட்ரே யங் என்னும் டாக்டர் டிரே (பிறப்பு: 1965) ராப் உலகின் மிகப் புகழ்பெற்ற இசைத் தயாரிப்பாளர்களுள் ஒருவர். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவிலிருந்தே தொடங்குவார்கள். அதற்கு முன் வேர்ல்ட் கிளாஸ் ரெக்கின் குரூ என்ற எலக்ட்ரோ (தாள இயந்திரங்களை மையமாகக் கொண்ட நடன இசை) குழுவில் அவர் கழித்த ஆண்டுகளை, பளபளப்பான உடையில் ஆடிய இளமைக் கூத்தாக ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். உடையும் பேச்சும் மாறின, வேலை செய்யும் முறை மாறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. களம்

குழுவை உருவாக்கியவர் அலோன்சோ வில்லியம்ஸ். லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே, காம்ப்டன் வட்டாரத்தில் ‘ஈவ் ஆஃப்டர் டார்க்’ என்ற நடனக் கூடத்தை அவர் நடத்திவந்தார். டிரே, டிஜே யெல்லா, கிளை-என்-டெல் மூவரும் அங்கே சேர்ந்தார்கள். கூடத்தின் பின்புறம் நான்கு தடப் பதிவுக் கருவியுடன் ஒரு சிறிய ஸ்டுடியோ இருந்தது. வில்லியம்ஸின் சொந்த லேபிள் கிரூ-கட். இசைத்தட்டை அச்சிட்டுத் தர ஹாலிவுட்டில் மக்கோலா நிறுவனம், ஒலிபரப்ப 1580 கே-டே வானொலி. பெரிய நிறுவனம் எதையும் நம்பாமல் ஒரு பாட்டு பிறந்து, அச்சாகி, காற்றில் ஏறுவதற்கான எல்லாமே ஒரே மாநகர வட்டாரத்துக்குள் கிடைத்தன. இந்த வசதி இல்லாமல் திறமை மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யோசிக்கத்தக்கது.

3. இரண்டு தட்டுகள், ஒரு தாளம்

டிரே அந்தக் கூடத்தில் பெயர் வாங்கியது ஒரு கலவையால். ஆஃப்ரிகா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’ (1982) ஒரு தட்டில். மார்வலெட்ஸ் பெண்கள் பாடிய ‘பிளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’ (1961) மற்றொன்றில். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டார்.

இதன் கடினம் கேட்பவருக்கு எளிதில் புலப்படாது. ‘பிளானட் ராக்’கின் தாளம் ரோலண்ட் டிஆர்-808 இயந்திரத்தின் தாளம், பதினாறு படிகள் கொண்ட சுற்றில் இம்மியும் பிசகாது. ‘போஸ்ட்மேன்’ பாட்டில் டிரம் வாசித்தவரோ மனிதர், அதுவும் பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற இளம் மார்வின் கே. மனிதக் கை உற்சாகம் வந்தால் சற்று முந்தும், பிறகு பிந்தும். ஆகவே வேகத்தை ஒருமுறை சமன் செய்துவிட்டு டிஜே கையை எடுத்துவிட முடியாது. தட்டின் ஓரத்தை விரலால் தொட்டுத் தொட்டு, பாட்டு முடியும்வரை இழுத்தும் தள்ளியும் கொண்டிருக்க வேண்டும். பழைய ஆன்மாவுள்ள குரலைப் புதிய இயந்திரத் தாளத்தின்மேல் உட்கார வைக்கும் இந்த வித்தையே பின்னாளில் ‘தி க்ரானிக்’ (1992) ஆல்பம் வரை அவருடைய அடிப்படை முறை. அதில் பழைய ஃபங்க் பாட்டுகளின் பகுதிகளை வாத்தியக்காரர்களைக் கொண்டு மீண்டும் வாசிக்கவைத்தார் என்பதுதான் வேறுபாடு.

4. உடை

1984-ல் வந்த ‘சர்ஜரி’ பாட்டில் டிரே உண்மையிலேயே மருத்துவர் வேடம் கட்டினார். தட்டைக் கீறுவதே அறுவை சிகிச்சை. மேடையில் ஜிகினா உடை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். பகட்டான உடையணிந்த பாடகர் பிரின்ஸ் கோலோச்சிய காலம் அது, இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் 1993-ல் பழைய கூட்டாளி ஈஸி-ஈ பகையாளியானபோது, அந்தக் காலப் படத்தையே தன் இசைத்தட்டில் அச்சிட்டுக் கேலி செய்தார். ரெக்கின் குரூவின் இசையைவிட அந்தப் படமே பலர் நினைவில் தங்கியதற்கு இந்தப் பகைக்கும் பங்குண்டு.

5. மெதுவான பாட்டு

குழுவின் பெரிய வெற்றி ஒரு காதல் பாட்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். ‘டர்ன் ஆஃப் த லைட்ஸ்’ தேசிய அளவிலான பில்போர்டு ஹாட் 100 பட்டியலிலும் இடம்பெற்றது. அதில் பாடிய மிஷெலுக்கு 1989-ல் தனி ஆல்பம் தயாரித்துக் கொடுத்தவரும் டிரேதான். பாடகியின் குரலுக்கு இடம்விட்டு வாத்தியங்களை ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை அவர் கற்றது இங்கேதான் என்பது என் கணிப்பு.

6. முறிவு எங்கே?

1987-ல் டிரேயும் யெல்லாவும் ஈஸி-ஈயின் ரூத்லெஸ் லேபிள் பக்கம் சாய்ந்தார்கள். பணம், ரசனை இரண்டுமே காரணம். வில்லியம்ஸுக்குத் தெருப்பாட்டு பிடிக்கவில்லை. அதே ஆண்டில் டிரே தயாரித்த ‘பாய்ஸ்-என்-த-ஹூட்’ புதிய திசையைக் காட்டியது உண்மை. ஆனால் அதே 1987-ல் என்.டபிள்யூ.ஏ. பெயரில் வந்த ‘பேனிக் சோன்’ முழுக்க முழுக்க எலக்ட்ரோ. அக்குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘சம்திங் டு டான்ஸ் டு’வும் அப்படியே. காவல்துறையைச் சாடிய அதே தட்டில், நடனக் கூடத்துக்கான பாட்டு ஒன்றை விட்டுவைக்க அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.