புருவமும் பெருந்தன்மையும்

ஆடவர் புருவம் திருத்துவது இக்கால நாகரிகம் என்று எண்ணுகிறோம். நம் கடற்கரையூர்கள் பலவற்றில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர், கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'அல்மஜ்மூஉ' நூலில் இதனை அன்றே ஆராய்ந்துள்ளார்கள். நீண்டு வளர்ந்த புருவ முடியைக் கத்தரிப்பது பற்றித் தம் மத்ஹபு முன்னோரின் கருத்து எதையும் தாம் காணவில்லை. இறைவனின் படைப்பை மாற்றுவதாகையால் அது மக்ரூஹாதல் வேண்டும் என்று எழுதினார்கள்.

அத்துடன் நிறுத்தினார்களில்லை. கி.பி. 855இல் மறைந்த இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் அவ்வாறு கத்தரித்து வந்தார்கள் என்பதையும், ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களைப் பற்றியும் அவ்வாறே அறிவிக்கப்படுவதையும் மறைக்காது குறித்தார்கள்.

தம் கருத்துக்கு மாறான சான்றைத் தம் கையாலேயே பதிந்த நேர்மை அது! சிறு மஸ்அலாக்களுக்காக ஜமாஅத்தையே பிரித்துக்கொள்ளும் நாம், அப்பெருந்தன்மையைக் கற்பது எந்நாளோ?