முதிரையும் வெளிறிய மரங்களின் காலமும்

வன்னி நாட்டுத் தச்சன் முதிரை மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் நிறத்தை முதலில் நோக்குவதில்லை. ஒரு கன அடி சுமார் 60 இறாத்தல் நிறுக்கும் அதன் திண்மையையும், தலைமுறை கடந்து உழைக்கும் அதன் வைரத்தையுமே நோக்குவான். நிலைக்கும் கதவுக்கும் தூணுக்கும் அது ஏற்றது. அவ்வளவே அவனுக்கு வேண்டுவது. ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரத் தளபாடப் பட்டறைகள் இதே மரத்தை விரும்பியது வேறொரு காரணம் பற்றி. அதன் வெளிறிய பொன்னிறமே அவர்களை ஈர்த்தது.

இவ்விருப்பம் திடீரெனத் தோன்றியதன்று. 1721ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் மரங்களின் மீதான தீர்வையை நீக்கியது. அதன்பின் மேற்கிந்தியத் தீவுகளின் மகோகனி இங்கிலாந்தில் வந்து குவிந்தது. செல்வர் மாளிகைகளில் மேசையும் நாற்காலியும் அலுமாரியும் செங்கருமை நிறம் பெற்றன. 1758இல் இத்தாலியப் பயணத்தை முடித்து மீண்ட றொபேட் அடம் என்னும் கட்டடக் கலைஞர், பழைய உரோமரின் அலங்கார முறையைத் தழுவி, இளநிறச் சுவர்களும் மெல்லிய சுதை வேலைப்பாடுகளும் கொண்ட அறைகளை அமைக்கத் தொடங்கினார். அவ்வறைகளில் கரிய பெருந்தளபாடங்கள் பொருந்தவில்லை.

இன்னொரு காரணம் தச்சுத் தொழிலினுள்ளேயே இருந்தது. அதுவே வலியது எனலாம். வண்ண மரத் துண்டுகளைப் பதித்துப் பூவும் கொடியும் உருவங்களும் வரையும் கலை அப்போது மீண்டும் தழைத்தது. கரிய தளத்தில் பதித்த நுண்கோடுகள் கண்ணுக்குப் புலப்படா. வெளிறிய தளமோ எழுதாத ஏடு போன்றது; கருங்காலிக் கோடும் பச்சைச் சாயமேற்றிய இலையும் அதில் தெளிவாக நிற்கும். எந்த வெளிறிய மரத்தைத் தெரிவது என்பதே வினா. ஹொலி மரம் மிக வெண்மையானது. ஆனால் சிறு மரமாதலின் அகன்ற பலகை தராது. பொக்ஸ் மரம் மெல்லிய கரைக்கோடுகளுக்கே உதவிற்று. சிக்கமோரை இரும்புப்பிலே ஊறவைத்து வெள்ளிச் சாம்பல் நிறமாக்கினர். இவை யாவும் துணை நின்றனவேயன்றி, பெரிய பரப்பை ஒளியுடன் நிரப்பவல்லது முதிரை இனமே. அதன் நார்கள் ஒன்றையொன்று எதிர்த்துப் பின்னி வளர்வதால், மெருகிட்ட பலகையில் மெழுகுவர்த்தி ஒளி பட்டுத் துணிமேல் போல அசைந்தோடும். சாட்டின் பட்டின் பெயரால் ஆங்கிலேயர் அதனை அழைத்தது இதனாலேயே.

1773இல் தொமஸ் சிப்பென்டேல் ஹேயர்வூட் மாளிகைக்கு அனுப்பிய இழுப்பறைப் பேழை இக்கலையின் சிகரங்களுள் ஒன்று. டயானா, மினேவா என்னும் தேவியரின் உருவங்கள் அதில் பதிக்கப்பட்டுள்ளன. அதன் விலை 86 பவுண்.

தொடக்கத்தில் பயன்பட்டது பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகளின் மரம். இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் நம் முதிரை பின்னரே அங்கு சென்றது. இரண்டும் எலுமிச்சைக் குடும்பத்தனவாயினும் வேறு வேறு இனங்கள். 1795இல் வில்லியம் றொக்ஸ்பரோ என்னும் தாவரவியலார் முதிரையை மகோகனியின் இனத்திலேயே சேர்த்துவிட்டார். பின்னர் அது திருத்தப்பட்டு, வெளிறிய மரம் எனப் பொருள்படும் குளோரோசைலன் என்ற கிரேக்கப் பெயர் வழங்கப்பட்டது. எனினும் பழைய பெயர் வால்போல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மகோகனியின் இடத்தைப் பற்றிய மரம் மகோகனியின் பெயரையே சுமப்பது வேடிக்கைதான். 1803இல் தொமஸ் செறற்றன் வெளியிட்ட தளபாட அகராதி, கீழைத்தேய மரம், மேலைத்தேய மரம் என இருவகையையும் குறித்து, குளிர்ந்த இளந்தோற்றத்தாலேயே இம்மரம் இருபதாண்டுகளுக்கு மேலாக நாகரிகமாந்தரின் விருப்பைப் பெற்றது என்கிறது.

இதற்குள் 1796இல் இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. இங்கே அவர்களும் வன்னித் தச்சனின் கண்கொண்டே முதிரையை நோக்கினர். 1833இல் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே, 205 அடி நீளமுள்ள ஒற்றை வளைவுப் பாலமொன்றை முதிரை மரத்தால், ஆணியின்றிப் பொருத்தி அமைத்தனர். 1905 வரை அது நிலைத்தது. இலண்டனில் தகடாகச் சீவி ஒட்டிய மரம், இங்கே வண்டிகளின் பாரத்தைத் தாங்கிற்று.

அழகுக்கு விலையும் இருந்தது. முதிரைத் தூள் தோலிற் பட்டால் சிலருக்குக் கடும் அரிப்பும் புண்ணும் உண்டாகும். அதனை அறுத்துத் தேய்த்த தொழிலாளர் பலர் இத்துன்பத்தை அனுபவித்தனர். வெளிறிய நிறமும் நிலைக்கவில்லை. ஒளிபட்டு ஆண்டுகள் செல்ல முதிரை தேன்நிறமாயிற்று. பச்சை இலைகளின் சாயம் மங்கிப் பழுப்பாயிற்று. அரும்பொருட்சாலையில் இன்று காண்பவர், அதைச் செய்தவன் கண்ட நிறத்தைக் காண்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரிய மரங்கள் மீண்டும் மதிப்புப் பெற்றன. அதன் இறுதியில் முதிரை ஒருமுறை திரும்பி வந்தது. காடுகளோ அத்தேவைக்கு ஈடாக வளரவில்லை. 1998இல் வெளியான அபாயத்துக்குள்ளான மரங்களின் உலகப் பட்டியலில் முதிரையும் இடம்பெற்றது. பழைய வீடு இடிக்கப்படும்போது அதன் முதிரை நிலைகளைக் கழற்றி மீண்டும் சீவுவோர் உண்டு. சீவுளியின் முதல் ஓட்டத்தில் பழுப்பு நீங்கும். அடுத்த ஓட்டத்தில், இலண்டன் தச்சர் விரும்பிய அந்த இளம்பொன்னிறம் உள்ளிருந்து வெளிப்படும்.