முட்டையிடும் முயல்

கிறித்தவர்களின் பெருவிழாக்களுள் தலையாயது ஈஸ்டர். சிலுவையில் அறையுண்டு இறந்த இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்னும் நம்பிக்கையே இவ்விழாவின் அடிப்படை. ஆனால் மேலை நாட்டு ஈஸ்டர் வாழ்த்து அட்டைகளைப் பார்த்தால், வண்ணம் தீட்டிய முட்டைகளும் அவற்றைக் கூடையில் சுமந்து வரும் முயலுமே பெரும்பாலும் கண்ணில் படும். இயேசு உயிர்த்தெழுந்ததைக் கூறும் விவிலியப் பகுதிகளில் முட்டையும் இல்லை, முயலும் இல்லை. முயல் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் இவை எங்கிருந்து வந்தன?

இக்கேள்விக்கு ஆயத்தமான விடை ஒன்று பல நூல்களில் காணப்படுகிறது. பண்டை ஜெர்மானிய மக்கள் ஈயோஸ்டர் என்னும் வசந்தகாலப் பெண் தெய்வத்தை வணங்கினர். முயல் அவளுக்குரிய விலங்கு. முட்டை வளமையின் சின்னம். கிறித்தவம் பரவியபோது அந்த விழாவே ஈஸ்டர் ஆயிற்று என்பது அவ்விடை. கேட்க அழகான கதைதான். இதில் சான்று எவ்வளவு, ஊகம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம்.

அத்தெய்வத்தின் பெயரைக் கூறும் பழைய நூல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கே ஜாரோ என்னும் ஊரின் மடத்தில் வாழ்ந்த பீடு என்ற துறவி, கி.பி. 725இல் காலக் கணக்கைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். ஆங்கிலேயரின் பழைய மாதப் பெயர்களை அதில் விளக்குகிறார். ஏறத்தாழ ஏப்ரலுக்கு இணையான மாதம் ஈயோஸ்டர் என்னும் தெய்வத்தின் பெயரால் வழங்கியது என்றும், அம்மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தனர் என்றும் குறிப்பிடுகிறார். அவ்வளவே. முயலைப் பற்றியோ முட்டையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, 1835இல், சிறுவர் கதைகளால் உலகப் புகழ் பெற்ற கிரிம் சகோதரர்களுள் மூத்தவரான ஜேக்கப் கிரிம் இக்குறிப்பைக் கையில் எடுத்தார். ஜெர்மன் மொழியில் ஈஸ்டருக்கு ஓஸ்டர்ன் என்று பெயர். எனவே ஜெர்மனியிலும் ஓஸ்டாரா என்றொரு தெய்வம் இருந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1874இல் ஹோல்ட்ஸ்மன் என்ற மற்றோர் ஜெர்மன் அறிஞர், ஈஸ்டர் முயல் தமக்கு விளங்காத ஒன்று என்று ஒப்புக்கொண்டு, ஒருவேளை அது ஓஸ்டாராவின் விலங்காக இருக்கலாம் என்று எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் முயலை வைத்துக்கொண்டு 'ஒருவேளை'யை விட்டுவிட்டார்கள்! ஊகம் இப்படித்தான் வரலாறு ஆயிற்று.

பீடுவின் கூற்று வெறுங்கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 1958இல் ஜெர்மனியில் கொலோன் நகருக்கு மேற்கே, உரோமானியர் காலத்தைச் சேர்ந்த 150க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்தன. அவை ஆஸ்ட்ரியாஹெனே என்னும் தாய்த் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டு நட்டவை. ஈயோஸ்டரின் பெயரோடு இப்பெயருக்கு ஒலி ஒற்றுமை இருக்கிறது. ஆகவே அப்படியொரு தெய்வம் இருந்திருக்கலாம். ஆனால் அவற்றாலும் முயலுக்குச் சான்று கிடைக்கவில்லை. பாபிலோனிய இஷ்தார் தெய்வத்திலிருந்து ஈஸ்டர் வந்தது என்போரும் உண்டு; அது ஒலியை மட்டும் நம்பிய பொருத்தம், பொருட்படுத்தத் தக்கதன்று.

மேலும், ஈஸ்டர் என்ற பெயரும் அதன் இனமான ஓஸ்டர்னும் ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய மொழிகளுக்கே உரியவை. கிரேக்கர், இத்தாலியர், ஸ்பானியர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர் ஆகியோர் வழங்கும் பெயர்கள் யாவும் யூதர்களின் பெசாக் என்னும் பண்டிகையின் பெயரிலிருந்து பிறந்தவை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் வழங்கும் பாஸ்கா என்ற சொல்லும் அவ்வேரைச் சேர்ந்ததே. விழா வசந்தத்தில் வருவதற்கும் இதுவே காரணம். யூதர்களின் பண்டிகை வசந்தகால முழுநிலவையொட்டி வருவது. இயேசுவின் இறப்பு அப்பண்டிகை நாட்களில் நிகழ்ந்ததாக விவிலியம் கூறும். எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறன்று விழா எடுக்க வேண்டும் என்று 325இல் நைசியாவில் கூடிய சங்கம் முடிவு செய்தது. மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்ற விதி காலப்போக்கில் உருவாயிற்று. ஆக, இங்கிலாந்தில் கிறித்தவம் வேரூன்றுவதற்கு முன்பே விழாவும் அதன் பருவமும் நிலைபெற்றுவிட்டன.

இனி முட்டைக்கு வருவோம். இதற்குத் தெய்வத்தைத் தேட வேண்டியதில்லை. கோழிக் கூட்டைப் பார்த்தாலே போதும்.

ஈஸ்டருக்கு முந்திய 40 நாட்கள் தவக்காலம். இடைக்கால ஐரோப்பாவில் இந்நாட்களில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. விரதம் மனிதர்களுக்குத்தானே தவிர கோழிகளுக்கு இல்லை! அதிலும் கோழி முட்டையிடுவது பகலின் நீளத்தைப் பொறுத்தது. ஒளி பறவையின் மண்டையோட்டை ஊடுருவி மூளையில் உள்ள உணர்வணுக்களை எட்டுகிறது. பகல் நீண்டால் அவை பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, முட்டைப்பை வேலை செய்யத் தொடங்குகிறது. வட ஐரோப்பாவின் குளிர்காலத்தில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. மின்விளக்கு இல்லாத அக்காலத்தில் கோழிகள் முட்டையிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். பகல் நீளத் தொடங்கும் தவக்காலத்தில்தான் மீண்டும் இடத் தொடங்கும். ஒரு வீட்டில் ஆறு கோழிகள் இருந்து, இரண்டு நாளுக்கொரு முட்டை இட்டாலும், 40 நாளில் 120 முட்டைகள் சேர்ந்துவிடும். உண்ணவும் கூடாது, வீணாக்கவும் மனம் வராது. சிலவற்றை அடை வைப்பார்கள். மிஞ்சியவை ஈஸ்டரன்று ஒருசேரத் தீர்க்கப்பட்டன. நிலக்கிழாருக்குச் செலுத்தும் வரியாகவும் ஏழைகளுக்குக் கொடையாகவும் பிள்ளைகளுக்குப் பரிசாகவும் முட்டைகள் போயின. பரிசு என்றால் அலங்காரம் வேண்டாமா? 1290இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், ஈஸ்டருக்காக 450 முட்டைகளுக்கு 18 பென்னி செலவு எழுதப்பட்டுள்ளது. அவற்றுக்குப் பொன்முலாமும் வண்ணமும் பூசி வழங்கினர். கிழக்கத்திய திருச்சபையினர் சிவப்புச் சாயம் ஏற்றி, அதை இயேசுவின் இரத்தமாகவும், ஓட்டை மூடிய கல்லறையாகவும் கண்டனர். உக்ரேனியர் மெழுகால் கோலம் வரைந்து சாயத்தில் தோய்க்கும் முறை, நம் பாத்திக் துணி வேலையை ஒத்தது. ஈரானியரும் நௌரூஸ் புத்தாண்டில் முட்டைக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. வசந்தத்தில் முட்டை மலிவது இருவருக்கும் பொது.

முயலின் வரலாறு இவ்வளவு தெளிவாக இல்லை. ஹைடல்பெர்க் நகரத்து மருத்துவர் ஃபிராங்க் வான் ஃபிராங்கனாவு 1682இல் ஈஸ்டர் முட்டைகளைப் பற்றி இலத்தீனில் ஓர் ஆய்வு எழுதினார். முயல் முட்டையிட்டுத் தோட்டத்தில் ஒளித்து வைத்திருப்பதாகப் பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் தேடி எடுக்கும் வழக்கம் அல்சாஸ் முதலிய பகுதிகளில் இருந்ததை அவர் குறிப்பிடுகிறார். மருத்துவர் அல்லவா, முட்டைகளை அளவின்றித் தின்றால் வரும் கேடுகளையும் எச்சரிக்கத் தவறவில்லை.

தமிழில் முயல் என்று ஒரே சொல்லால் நாம் வழங்குவது இருவகை விலங்குகளை. வளை தோண்டி, கண் திறவாத குட்டிகளை ஈனுவது ஒருவகை. நம் காடுகளில் உள்ளதுபோல் வெட்டவெளிப் புல்லில் பள்ளம் பறித்துப் படுப்பது மற்றொரு வகை. ஜெர்மானியரின் ஈஸ்டர் முயல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதே வயல்வெளியில் ஆட்காட்டிப் பறவையும் தரையிலேயே முட்டையிடும். முயல் துள்ளி ஓடிய இடத்தருகே முட்டையைக் கண்டவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கலாம் என்பர். இதுவும் ஊகமே.

ஆனால் ஒன்று தெரிகிறது. ஜெர்மனியின் வேறு பகுதிகளில் முட்டை கொண்டுவந்தது நரி. சுவிட்சர்லாந்தில் சில இடங்களில் குயில். பிரான்சில் ரோமாபுரிக்குப் போய்த் திரும்பும் கோயில் மணிகள். முயல் உண்மையிலேயே தொன்மையான ஒரு தெய்வத்தின் விலங்காக இருந்திருந்தால், அதன் வேலையை நரிக்கும் குயிலுக்கும் இவ்வளவு எளிதாகப் பகிர்ந்து கொடுத்திருப்பார்களா?

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் இக்கதையை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே வெளிமுயல் மெல்ல வளைமுயலாக மாறிற்று. 1873இல் இங்கிலாந்தின் ஃபிரை நிறுவனம் உள்ளீடற்ற சாக்லேட் முட்டையைச் செய்த பின், முட்டையைத் தர இயந்திரமே போதும் என்றாயிற்று. ஆஸ்திரேலியாவில் கதை வேறு விதமாகத் திரும்பியது. 1859இல் வேட்டைக்காக அங்கே இறக்குமதி செய்த முயல்கள் பெருகிப் பயிர்களையும் காடுகளையும் அழித்தன. அதனால் 1990களிலிருந்து, அந்நாட்டுக்கே உரிய, நீண்ட காதுகள் கொண்ட பில்பி என்னும் விலங்கின் வடிவில் ஈஸ்டர் சாக்லேட்டுகள் பரவின.