தாமதம் என்னும் தடுப்புச்சுவர்

போர்க்காலத்தில் அகதிகளுக்குக் கதவடைத்த அரசுகளைப் பற்றிப் பேசுங்கால், அவை வெளிப்படையாக மறுத்ததையே நாம் பெரிதும் நினைக்கிறோம். மறுக்காமலே, காலங்கடத்தியும் கதவடைக்கலாம் என்பதற்கு இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசு நடந்துகொண்ட முறையே சான்று.

1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நாடுதோறும் ஆண்டுக்கு இத்தனை பேர் என வரம்பு கட்டியிருந்தது. ஹிட்லர் விழுங்கிய ஆஸ்திரியாவையும் சேர்த்து ஜெர்மனிக்குரிய எண் 27,370. 1939-ஆம் ஆண்டின் நடுவில் அவ்விடங்களுக்காகக் காத்திருந்தோரோ மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலோர் யூதர். ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் எமக்குக் காத்திருப்போர் பட்டியல் புதிதன்று. எனினும் எம் பட்டியலில் இருப்பவர்க்கு, வண்டி புறப்படுமுன் இடம் உண்டா இல்லையா என்பதாவது தெரிந்துவிடும். அம்மக்களுக்கு அதுவும் தெரியவில்லை. அமெரிக்காவில் வாழும் ஒருவரின் பொருட்பிணை வேண்டும். போலீசாரின் நன்னடத்தைச் சான்று வேண்டும். கப்பற்சீட்டும் வழிநாடுகளின் அனுமதியும் வேண்டும். ஒன்று கிட்டுவதற்குள் மற்றொன்றின் கெடு முடிந்துவிடும்.

1940 ஜூனில், பிரான்சு வீழ்ந்த வேளையில், வெளியுறவுத் துறையின் உதவிச் செயலாளர் பிரெக்கின்ரிட்ஜ் லாங் ஒரு குறிப்பு எழுதினார். தூதரக அலுவலர்கள் மேலும் மேலும் சான்று கேட்டு, விசா வழங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம் என்பதே அதன் சாரம். அகதிகளோடு ஒற்றரும் நுழைவர் என்ற அச்சம் காரணமாகச் சொல்லப்பட்டது. அவ்வச்சம் முற்றும் பொய்யென நாம் கூறோம். போர்க்காலத்தில் எந்நாடும் அஞ்சும். ஆனால் 1941 ஜூனில், ஜெர்மானியர் பிடியில் நெருங்கிய உறவினரை உடையோர்க்கு விசா இல்லை என்றே விதித்தனர். உற்றார் ஒருவரையும் பின்னே விடாமல் தப்பிய அகதிகள் எத்தனை பேர் இருந்திருப்பர்?

நாட்குறிப்பால் உலகறிந்த ஆன் பிராங்கின் தந்தை ஓட்டோ பிராங்க், 1938-இல் ராட்டர்டாம் நகரிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் விண்ணப்பித்தார். 1940 மே மாதம் ஜெர்மானியர் வீசிய குண்டில் அங்கிருந்த தாள்கள் அழிந்தன. 1941-இல் மீண்டும் முயன்றார். அவ்வாண்டு ஜூலையில், ஜெர்மானியர் ஆண்ட பகுதிகளில் அமெரிக்கத் துணைத்தூதரகங்கள் மூடப்பட்டன. விண்ணப்பங்களை இனி வாஷிங்டனே ஆராயும் என்றாயிற்று. போர் முடிந்தபோது அக்குடும்பத்தில் எஞ்சியவர் அவர் ஒருவரே.

இந்தத் தாமதத்தை வெளிப்படுத்தியவர்களும் அவ்வரசின் அலுவலரே என்பதை மறைத்தலாகாது. வெளியுறவுத் துறை மீட்புப் பணியைத் தடுத்ததெனக் கருவூலத் துறையினர் அறிக்கை வரைந்தனர். அத்துறையின் தலைவர் மார்கெந்தோ அச்செய்தியைக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டிடம் கொண்டுசென்றார். 1944 ஜனவரி 22-இல் போர் அகதிகள் வாரியம் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் 982 அகதிகள் நியூயார்க் மாநிலத்து ஆஸ்விகோ முகாமுக்கு விசா இன்றியே அழைத்துவரப்பட்டனர். போர் முடிந்ததும் திரும்பிவிடுவதாகக் கையெழுத்தும் வாங்கப்பட்டது. 1945 டிசம்பரில், அவர்கள் தங்கியிருக்கத் தலைவர் ட்ரூமன் இசைந்தார். ஆயினும் விசா நாட்டுக்கு வெளியேதான் வழங்கப்படும் என்பது விதி. ஆகவே 1946 ஜனவரியில், தங்க விரும்பியோரைப் பேருந்துகளில் ஏற்றி, நயாகராவில் எல்லை கடந்து கனடாவுக்குக் கொண்டுசென்று, அங்கே விசாவைக் கையில் கொடுத்துத் திரும்ப அழைத்துவந்தனர்.