பிஸ்மார்க்கா, யமாட்டோவா?

இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல விடியவிடிய சண்டை போட ஆயிரம் விஷயம் இருக்கும். எங்க ரூம்ல நடந்த சண்டை கொஞ்சம் விசித்திரமானது. நான் பிஸ்மார்க் கட்சி, ரூம்மேட் யமாட்டோ கட்சி. ரெண்டு பேருமே படகுல கூட ஏறினதில்லைங்கறது வேற விஷயம். "எங்காளு பீரங்கி 46 சென்டிமீட்டர்டா, ஒரு குண்டே கிட்டத்தட்ட ஒன்றரை டன்னு, 42 கிலோமீட்டர் பாயும்"னு அவன் ஆரம்பிப்பான். "எங்காளு ஹூட்டை எட்டு நிமிஷத்துல காலி பண்ணான்"னு நான் எகிறுவேன். அதுக்குள்ள மெஸ்ல இட்லி ரெடியாயிடும்.

இத்தனை வருஷம் கழிச்சு யோசிச்சா, கேட்க வேண்டிய கேள்வியை ரெண்டு பேருமே கேட்கலை. எத்தனை சுட்டாங்க, எத்தனை பட்டது?

1916 மே 31, ஜட்லண்ட் சண்டையை எடுத்துக்கோங்க. பிரிட்டிஷ்காரங்க சுட்ட பெரிய குண்டு சுமார் 4,500. எதிரி மேல பட்டது 120 சொச்சம். ஜெர்மன்காரங்க 3,600 சுட்டு அதே அளவு அடிச்சாங்க. அதாவது நூத்துக்கு மூணு! இத்தனைக்கும் அன்னிக்கு உலகத்துலயே நல்லா பயிற்சி எடுத்த ரெண்டு கடற்படை அதுதான்.

ஏன் இவ்வளவு மோசம்? கணக்குப் போட்டுப் பாருங்க. இருபது கிலோமீட்டர் தாண்டி இருக்கற கப்பலுக்குக் குண்டு போய்ச் சேர அரை நிமிஷத்துக்கு மேல ஆகும். 30 நாட் வேகத்துல ஓடற கப்பல் அரை நிமிஷத்துல 460 மீட்டர் நகர்ந்துடும். கப்பலோட நீளமே 250 மீட்டர்தான். அப்ப கப்பல் இருக்கற இடத்துல சுட்டா தண்ணிதான் தெறிக்கும், அது இருக்கப்போற இடத்துல சுடணும். எதிரி வேகம், திசை, நம்ம வேகம், காத்து, நம்ம கப்பலோட ஆட்டம், எத்தனை தடவை சுட்டு பீரங்கிக் குழாய் தேய்ஞ்சிருக்குங்கறது வரைக்கும் கணக்குல வரணும். முதல் சால்வோ எங்க விழுதுன்னு பார்த்துத் திருத்தணும். ரெண்டு குண்டு முன்னாடி, ரெண்டு பின்னாடி விழுந்தா தூரம் சரியாப் பிடிச்சாச்சு. அதுக்கப்புறம் படறதும் படாததும் பாதி அதிர்ஷ்டம்.

இந்தக் கணக்கை வெச்சு என் ஹீரோவைப் பார்த்தப்பதான் ஆட்டம் கண்டது.

1941 மே 24, டென்மார்க் ஜலசந்தி. ஹூட் முதல்ல குறி வெச்சதே தப்பான கப்பலுக்கு. முன்னாடி வந்த பிரின்ஸ் ஆய்கனை பிஸ்மார்க்னு நினைச்சுட்டாங்க, தூரத்துல ரெண்டும் ஒரே ஜாடை. பிஸ்மார்க்கோட அஞ்சாவது சால்வோவுல ஹூட்டோட பின்பக்க வெடிமருந்துக் கிடங்கு வெடிச்சது. கப்பல்ல இருந்தது 1,418 பேர், பிழைச்சது மூணே மூணு பேர். ஹாஸ்டல்ல "காலி பண்ணான்"னு நான் கைதட்டின இடம் இதுதான். இப்ப அந்த எண்ணைப் படிக்கும்போது கைதட்ட வரலை.

அஞ்சு சால்வோவுக்குள்ள தூரம் பிடிச்சது அசல் திறமை, அதை மறுக்கலை. ஆனா அதே காலையில கூட இருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை யாரும் பேசறதில்லை. கட்டி முடிச்சு ரெண்டு மாசம்கூட ஆகாத கப்பல். டரெட் ரிப்பேர் பண்ற சிவிலியன் ஆட்கள் இன்னும் உள்ளேயே இருந்தாங்க, பீரங்கி நடுநடுவுல மக்கர் பண்ணுச்சு. டெஸ்டிங் முடியறதுக்கு முன்னாடியே ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ளின மாதிரி :-) அப்படியும் பிஸ்மார்க் மேல மூணு குண்டு போட்டது. முன்பக்கம் பட்ட ஒண்ணு எரிபொருள்ல ஒரு பெரிய பங்கை எடுக்க முடியாம ஆக்கிடுச்சு. அட்லாண்டிக் வேட்டையைக் கைவிட்டு பிரான்ஸ் பக்கம் திரும்ப வேண்டியதாப் போச்சு. போற வழியில ஸ்வார்ட்ஃபிஷ் விமானத்தோட டார்பிடோ சுக்கானை உடைச்சது, மே 27ல கதை முடிஞ்சது.

அந்தக் கடைசிக் காலையில ராட்னியும் கிங் ஜார்ஜும் முதல்ல நொறுக்கினது பிஸ்மார்க்கோட முன்பக்க டரெட்டுகளையும் குறி பார்க்கற மேடையையும். கண்ணு போனா எட்டு பீரங்கி இருந்து என்ன பண்ண? அன்னிக்கு பிரிட்டிஷ் கப்பல் எதையும் அதால அடிக்க முடியலை. 2,200க்கு மேல இருந்தவங்கள்ல சுமார் 115 பேர்தான் பிழைச்சாங்க.

யமாட்டோவுக்கு இவ்வளவு நீளமாக்கூட எழுத ஒண்ணுமில்லை. எதிரிக் கப்பல்களை நேருக்கு நேர் சுட்டது ஒரே நாள், 1944 அக்டோபர் 25, சாமார் தீவுக்குப் பக்கத்துல. எதிர்ல சின்ன விமானந்தாங்கிகளும் டெஸ்ட்ராயர்களும்தான். டார்பிடோவுக்குப் பயந்து வடக்கே திரும்பி, ரெண்டு பக்கமும் டார்பிடோ ஓட நடுவுல மாட்டிக்கிட்டு, சண்டையை விட்டே தள்ளிப் போயிடுச்சு. எத்தனை பட்டதுன்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னிக்கும் அடிச்சுக்கறாங்க. 1945 ஏப்ரல் 7ல விமானங்கள் மூழ்கடிச்சப்ப கூடவே போனது சுமார் 3,000 பேர்.

அப்ப உண்மையில நல்லா சுட்டது யாரு? என் பதில் வாஷிங்டன். 1942 நவம்பர் 15, குவாடல்கனால், நள்ளிரவு தாண்டி. நாலு அமெரிக்க டெஸ்ட்ராயரும் செயலிழந்தாச்சு. கூட வந்த சவுத் டகோட்டாவுல கரண்ட் போய் ராடார் குருடாயிடுச்சு, ஜப்பான்காரங்க அதன் மேல லைட் அடிச்சு விளாசறாங்க. அந்த நேரத்துல ராடாரை மட்டும் நம்பி இருட்டுல இருந்து வாஷிங்டன் கிரிஷிமாவைச் சுட்டது. தூரம் எட்டு கிலோமீட்டருக்கும் குறைவு. 16 இன்ச் குண்டு 75 சுட்டதுல ஒன்பது பட்டதுன்னு அன்னிக்குக் கணக்கு எழுதினாங்க, பின்னாடி செஞ்ச ஆய்வு 20 வரைக்கும் போகுது. ஒன்பதுன்னே வெச்சாலும் நூத்துக்கு 12. ஜட்லண்டை விட நாலு மடங்கு (ஆனா கிட்டத்துல, அதையும் சொல்லிடணும்). வாஷிங்டன் மேல ஒரு குண்டும் படலை. கமாண்ட் பண்ண அட்மிரல் வில்லிஸ் லீ 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸ்ல துப்பாக்கி சுடுதல்ல அஞ்சு தங்கம் வாங்கினவர்!

அந்தக் கணக்கைப் போட்டது கம்ப்யூட்டர்தாங்க. டிரான்சிஸ்டரே இல்லாத காலம், எல்லாம் பல்சக்கரமும் தண்டும் சேர்ந்து சுத்தற இயந்திரம். அந்தக் குடும்பத்து இயந்திரங்களோடதான் மிசௌரியும் விஸ்கான்சினும் 1991 வளைகுடாப் போர்ல சுட்டாங்க. நாம எழுதற கோடு அஞ்சு வருஷம் தாங்கினாலே பெரிசு!

இன்னும் சந்தேகமா? சுரிகாவோ ஜலசந்தி, 1944 அக்டோபர் 25 அதிகாலை. வெஸ்ட் வர்ஜீனியாவும் மேரிலண்டும் ஒரே வகைக் கப்பல், அதே 16 இன்ச் பீரங்கி. பேர்ல் ஹார்பர்ல மூழ்கி, தூக்கி நிறுத்தப்பட்ட வெஸ்ட் வர்ஜீனியாவுல புது ராடார். சுமார் 21 கிலோமீட்டர்ல இருந்த யமஷிரோவை முதல் சால்வோவுலயே அடிச்சது. பழைய ராடார் வெச்சிருந்த மேரிலண்ட், இவங்க குண்டு விழுந்து எழும்பின தண்ணியைப் பார்த்துத்தான் தூரம் பிடிச்சது. பீரங்கி அதே, கணக்குக்குப் போன இன்புட்தான் வேற.

சண்டை அனுபவம்னு மொத்தமா எடுத்தா வார்ஸ்பைட்டை யாரும் நெருங்க முடியாது. ஜட்லண்ட்ல சுக்கான் மாட்டிக்கிட்டு எதிரி முன்னாடி ரெண்டு வட்டம் அடிச்சுத் தப்பிச்ச கப்பல். 1940ல நார்விக். அதே வருஷம் ஜூலை 9ல ஓடற கப்பல்ல இருந்து ஓடற ஜூலியோ சேஸரேயை 24 கிலோமீட்டர்ல அடிச்சது, ராடார் உதவி இல்லாம. 1942ல ஜப்பான்காரங்க கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கினப்ப நம்ம இந்தியப் பெருங்கடல்ல சாமர்வில்லோட கொடிக்கப்பல் இதுதான். 1943ல சலெர்னோவுல வழிநடத்தற குண்டு வயித்தைக் கிழிச்சது. அப்படியும் 1944 ஜூன் 6ல நார்மண்டி கரையில சுட்டுக்கிட்டு இருந்தது. 1947ல உடைக்கறதுக்கு இழுத்துட்டுப் போறப்ப புயல்ல கயிறு அறுந்து கார்ன்வால் பாறையில போய் உட்கார்ந்துடுச்சு. அங்கேயே வெச்சு வெட்டி எடுக்க வருஷக்கணக்காச்சு.

ரூம்மேட்டுக்கு போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். "சரிடா, ஆனா 46 சென்டிமீட்டர்..."னு ஆரம்பிச்சான். வெச்சுட்டேன். நீங்க எந்தக் கட்சின்னு சொல்லுங்க மக்களே, ஆனா எத்தனை சுட்டு எத்தனை பட்டதுன்னும் சேர்த்துச் சொல்லணும்.