இரு அலைகளுக்கு இடையே 113 ஆண்டுகள்: கிருஷ்ணா வடிநிலத்தின் பேரிடர் வரலாறு

கடலோர மாவட்டம் ஒன்றின் பேரிடர் அபாயத்தை மதிப்பிட முற்படுவோர் பெரும்பாலும் அண்மைக்கால வானிலைப் பதிவுகளையே முதலில் நாடுவர். முப்பது, நாற்பது ஆண்டுகளின் பதிவு போதுமா என்னும் கேள்விக்கு ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டம் தெளிவான விடை தருகிறது.

1864 நவம்பர் 1 அன்று இரவு, அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மசூலிப்பட்டினத்தைக் கடும் புயல் தாக்கியது. காற்றினும் கொடியதாக இருந்தது அது தள்ளிக்கொண்டு வந்த கடல்நீர். சுமார் 13 அடி உயர்ந்த அலை நகரையும் சுற்றியிருந்த சிற்றூர்களையும் மூடியது. மாண்டோர் ஏறத்தாழ 30,000 பேர் எனப் பதிவுகள் கூறுகின்றன. அதற்கு முந்தைய மாதந்தான் கல்கத்தாவும் பெரும்புயலில் சிதைந்திருந்தது. இத்தகைய பேரழிவுகளின் விளைவாகவே 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது.

இதே காலகட்டத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1855இல் விஜயவாடாவில் கிருஷ்ணா ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு நிறைவுற்றது. கால்வாய்கள் வழியே நீர் பாய, வடிநிலம் நெற்களஞ்சியமாயிற்று. மக்கள் தொகை பெருகியது. கடலை நோக்கிக் குடியிருப்புகள் நகர்ந்தன. அபாயம் என்பதை இடரின் வலிமை, அதன் பாதையில் வாழ்வோரின் தொகை, அவர்களின் தாங்கும் ஆற்றல் ஆகிய மூன்றையும் சேர்த்தே கணிக்க வேண்டும். புயலின் வலிமை முன்போலவே இருந்தாலும், ஏனைய இரண்டும் மாறினால் அழிவு பன்மடங்காகும்.

1977 நவம்பர் 19 அன்று அதுவே நேர்ந்தது. கிருஷ்ணா ஆற்றின் கிளைகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலமான திவி சீமைக்குள் சுமார் 5 மீட்டர் உயரத்தில் கடல் புகுந்தது. ஆழம் குறைந்த கடற்படுகை அலையை மேலும் உயர்த்தியது. அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் மண்சுவரும் ஓலைக்கூரையுமான குடிசைகளில் வாழ்ந்த மீனவர்களும் வேளாண் கூலிகளும் ஆவர். புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் காற்றையும் மழையையும் கண்டு பழகிய மக்களுக்குக் கடலே ஊருக்குள் வரும் என்பது அனுபவத்தில் இல்லாத செய்தி. 1864ஐக் கண்டவர் எவரும் அப்போது உயிருடன் இல்லை. ஏடுகளில் இருந்த செய்தி ஊர்களின் நினைவில் இல்லை.

1990 மே மாதம் ஏறத்தாழ அதே வலிமையுடன் ஒரு புயல் அதே முகத்துவாரப் பகுதியில் கரை கடந்தது. இம்முறை மாண்டோர் சுமார் ஆயிரம் பேர். அதுவும் பேரிழப்பே, எனினும் முன்னையதில் பத்தில் ஒரு பங்கு. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் புயல் காப்பிடங்கள் எழுந்திருந்தன. பெருந்திரளான மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். 1977ஐ நேரில் கண்ட தலைமுறை இருந்ததால் எச்சரிக்கையின் பொருளும் விளங்கியது.

1977இல் கடல்நீர் எட்டிய எல்லையில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. அஞ்சலிக்குரிய அவ்விடம் ஓர் அளவைக் குறியுமாகும். இன்று அம்மாவட்டத்தில் இறால் பண்ணைகள் பரந்துள்ளன. மசூலிப்பட்டினத்தில் புதிய துறைமுகம் உருவாகிறது. 1990க்குப் பின் பிறந்தோர் அத்தகைய அலையைக் கண்டதில்லை. ஆகவே ஒவ்வொரு ஊரின் திட்ட வரைபடத்திலும் 1864, 1977 ஆகிய இரு ஆண்டுகளின் நீர்மட்டம் குறிக்கப்பட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் அக்கோட்டை அறிந்திருக்க வேண்டும். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் இடரை நாற்பதாண்டுப் பதிவைக் கொண்டு அளக்க இயலாது.